கையளிக்கும் வரை முடியாத பாடம்

(எல்கடுவையில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, மாணவர் ஆலோசனைப் பணியும் செயற்றிட்ட முகாமைத்துவமும் என்பது. பெயர் பெரிது, விஷயம் எளிது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். ஒரு சங்கத்துக்கோ, ஒரு கடைக்கோ, ஓர் ஆலயத்துக்கோ இருக்கும் உண்மையான சிக்கல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். குறித்த நாளுக்குள், குறித்த செலவுக்குள், அதற்கு ஒரு தீர்வைச் செய்து அவர்கள் கையில் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்கும்போது பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள், அந்தக் கல்வி நாளை ஒரு வேலைக்கு எப்படி வழி திறக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இதைக் கொழும்பில் பேசலாமே, எல்கடுவையில் ஏன் பேச வேண்டும்? சொல்கிறேன். இந்த மலைகளுக்கு எத்தனை பேர் வந்து எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்! லயக் காம்பராவின் நீள அகலத்தை அளந்தவர்கள் வந்தார்கள். பிள்ளைகளின் நிறையை எழுதியவர்கள் வந்தார்கள். கேள்விப் பத்திரம் நீட்டியவர்கள் வந்தார்கள். நம் தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நின்று, பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அந்த அறிக்கைகள் எங்கே? பதில் சொன்ன தாயின் கைக்கு, அவருக்குப் புரியும் மொழியில், அவருக்குப் பயன்படும் வடிவில், ஒரு தாளாவது திரும்பி வந்ததா? எண்ணியவர்கள் பலர். கையளித்தவர்கள் மிகச் சிலர். ஆகவேதான் இங்கே பேச வந்தேன். நம் பிள்ளைகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்வதானால், கையளிக்கும் பிள்ளைகளாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

செயற்றிட்ட முகாமைத்துவம் என்றதும் ஏதோ வெளிநாட்டு வித்தை என்று பயந்துவிடாதீர்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் மாசி மகத் தேர்த்திருவிழாவைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் உண்டா? ஐந்து தேர்கள் வீதிக்கு வரும் அந்த நாளை யாராவது தள்ளிப்போட முடியுமா? "இன்னும் இரண்டு நாள் தாருங்கள், தேரின் அலங்காரம் முடியவில்லை" என்று மாசி மாதத்திடம் கேட்க முடியுமா? முடியாது. நாள் குறித்தது குறித்ததுதான். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஒவ்வொரு வேலைக்கும் தவணை வைக்கிறார்கள். மேளத்துக்கு முற்பணம் எப்போது? பந்தல்காரர் எப்போது? அன்னதானத்து அரிசி யார் பொறுப்பு? வீதிக்குப் பொலிஸ் அனுமதி யார் கேட்பது? நம் தோட்டத்துக் கோவில் திருவிழாவிலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. தண்டல் சேர்ப்பவர், கணக்கு எழுதுபவர், பூசைக்குப் பொறுப்பானவர் என்று வேலையைப் பிரித்து, நாளைக் காப்பாற்றி, கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் வரவு செலவை வாசிக்கிறார்களே, அதற்குப் பெயர் என்ன? செயற்றிட்ட முகாமைத்துவம்தான்! நம் அப்பாமாருக்கு அது தெரியும். அதை எழுதி வைக்கவும், வேறு இடத்தில் பயன்படுத்தவும் அவர்களுக்கு யாரும் வாய்ப்புத் தரவில்லை, அவ்வளவுதான்.

இனி, மாணவர் ஆலோசனைப் பணி எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நான் கற்பனையாகச் சொல்லும் உதாரணம். ஆனால் இதில் வரும் சிக்கல் ஒவ்வொன்றும் நம் மாவட்டத்தில் நடப்பது.

மாத்தளை என்றாலே மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ. வீட்டைச் சுற்றி மிளகுக் கொடி வளர்க்கும் பெண்கள் சிலர் ஒரு சிறு சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் மாணவர் குழு ஒன்றிடம் வந்து, "பிள்ளைகளே, எங்கள் மிளகுப் பைக்கு வடிவான லேபல் ஒன்று செய்து தாருங்கள். லேபல் இல்லாததால்தான் எங்களுக்கு விலை கிடைக்கவில்லை" என்று கேட்கிறார்கள்.

என்ன செய்வீர்கள்? கணினி முன் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் லேபல் முடிந்துவிடும். கேட்டதைக் கொடுத்தாயிற்று. ஆனால் அடுத்த அறுவடையிலும் விலை ஏறாது. ஏன்? விலை லேபலில் இல்லை.

நல்ல குழு கணினியைத் திறக்கும் முன் அந்த வீடுகளுக்கு நடந்து போகும். போய்க் கேட்கும். அக்கா, மிளகை எந்தப் பருவத்தில் பறிக்கிறீர்கள்? எங்கே காயப்போடுகிறீர்கள்? மழை வந்தால் என்ன செய்வீர்கள்? யாருக்கு விற்கிறீர்கள்? விலையைக் குறைக்கும்போது அவர் என்ன காரணம் சொல்கிறார்? அப்போது உண்மை ஒவ்வொன்றாக வெளியே வரும். களவு போய்விடுமோ என்ற பயத்தில் முற்ற முன்னரே பறிக்கிறார்கள். பாயை நிலத்தில் விரித்துக் காயப்போடுகிறார்கள். பின்னேர மழையில் நனைந்து பூஞ்சணம் பிடிக்கிறது. பச்சை மிளகு மூன்று கிலோ நன்றாகக் காய்ந்தால் ஒரு கிலோ அளவுதான் தேறும். அதுவரை பொறுத்திருக்க வீட்டுச் செலவு விடுவதில்லை, அதனால் பலர் பச்சையாகவே கொடுத்துவிடுகிறார்கள். விலை எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதா? பாயில் போகிறது. மழையில் போகிறது. அவசரத்தில் போகிறது.

இதுதான் முதல் பாடம். கேட்கப்பட்ட கேள்வியும் தீர்க்க வேண்டிய கேள்வியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதை எந்தப் பரீட்சைத் தாளும் கற்றுத் தராது. பரீட்சையில் கேள்வியை வேறொருவர் சரியாக எழுதித் தந்துவிடுகிறார்; நாம் விடை மட்டும் எழுதுகிறோம். வேலைத்தளத்தில் கேள்வியையே நாம் எழுத வேண்டும். பட்டம் பெற்று வரும் பிள்ளைகள் முதல் வேலையில் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கேள்வியைக் கண்டுபிடித்தாயிற்று. பாய்க்குப் பதிலாக, மழை படாமல் காயப்போட ஒரு மேசை செய்து கொடுப்பதே தீர்வு என்று வைத்துக்கொள்வோம். உடனே வேலையில் இறங்கலாமா? கூடாது! ஒரே ஒரு தாள் எடுங்கள். என்ன செய்து தருவோம், என்ன செய்ய மாட்டோம், எந்த நாளில் முடிப்போம், செலவு எவ்வளவு, அதை யார் தருவது, வேலை முடிந்தது என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று எழுதுங்கள். சங்கத் தலைவிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். என்ன செய்ய மாட்டோம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பிற்காலத்து மனத்தாங்கல் அத்தனையும் அந்த ஒரு வரி இல்லாததால் வருவது.

உலகப் புகழ் பெற்றவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். சிட்னி ஒப்பேரா மாளிகையை அறிவீர்கள். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே 1959இல் கட்டட வேலையைத் தொடங்கினார்கள். 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரில் 1963இல் முடியும் என்று கணக்கிட்டார்கள். 10 கோடியே 20 இலட்சம் டொலர் செலவில், 1973இல்தான் திறக்க முடிந்தது. அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. அந்தச் செலவை ஓர் அரசாங்கம் தாங்கும். மிளகுச் சங்கம் தாங்குமா?

அடுத்து அட்டவணை. இடது பக்கம் வேலைகள், மேலே வாரங்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு. ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் நூறு வருடங்களுக்கு முன் பரப்பிய முறை இது. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று அதில் பார்க்கலாம். அந்த வரிசை ஏன் முக்கியம் என்று பாருங்கள்: நமக்குப் பக்கத்திலே உக்குவளை மின் நிலையம் இருக்கிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே தண்ணீரைக் கொண்டுவந்து, மின்சாரம் எடுத்து, சுது கங்கையில் விடுகிறார்கள். அம்பன் கங்கையோடு சேர்ந்து அது வறண்ட வலய வயல்களுக்குப் போகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய திட்டம். மின் நிலையம் தயாராகி, சுரங்கம் தயாராகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? யந்திரங்கள் தண்ணீருக்குக் காத்துக்கிடந்திருக்கும். மிளகு வேலையிலும் அப்படித்தான். காயப்போடும் மேசை தயாராகும் முன் மிளகு முற்றிவிட்டால் ஒரு பருவம் போயிற்று.

இங்கேதான் குழு சோதனைக்கு வருகிறது. ஒருவருக்குத் தவணைப் பரீட்சை. ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டார். ஒருவர் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு மற்றவர்களோடு பேசாமல் இருக்கிறார். பணம் குறைகிறது. மழை விடவில்லை. வாரம் ஒருமுறை கூடிப் பேசி, யார் எதை எப்போது செய்வது என்று கூட்டக் குறிப்பு எழுதி வைத்த குழு தப்பிக்கும். எழுதாத குழு சண்டை பிடிக்கும். பிந்தப்போகிறோம் என்று தெரிந்தால் அன்றைக்கே சங்கத் தலைவியிடம் போய், "அக்கா, சொன்ன நாளில் முடியாது போலிருக்கிறது, காரணம் இது, புதிய நாள் இது" என்று சொல்லும் துணிவு வேண்டும். பதினெட்டு வயதில் அந்த ஒரு வாக்கியத்தை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகிய பிள்ளையை எந்த முகாமையாளரும் நம்பி வேலை கொடுப்பார்.

நமக்குத் தெரியாததைக் கேட்கவும் வேண்டும். மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மிளகை எந்தப் பதத்தில் பறிப்பது, எந்த அளவு ஈரம் போகக் காயவைப்பது என்று அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு கடிதம் எழுதி, நேரம் கேட்டு, போய்ப் பார்த்து, குறிப்பெடுத்து, திரும்பி வந்து நன்றிக் கடிதமும் எழுதுங்கள். கடிதம் சிங்களத்தில் போகலாம், ஆங்கிலத்தில் போகலாம். கேட்டு வந்ததை மிளகுப் பெண்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மூன்று மொழிகளும் ஒரே வாரத்தில் பயன்படும்! மொழியைக் கற்க இதைவிடச் சிறந்த வகுப்பு எது?

கடைசிக் கட்டம், கையளித்தல். இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிய மேசை, மேலே ஒளி புகும் பொலித்தீன் கூரை. முதலில் ஒரு வீட்டில் மட்டும் செய்து பார்க்க வேண்டும். பழைய பாயில் காய்ந்த மிளகையும் மேசையில் காய்ந்த மிளகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். வியாபாரியிடம் இரண்டுக்கும் விலை கேட்க வேண்டும். பிறகு, மேசை செய்யும் முறையை ஒரே பக்கத்தில் படத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். பொலித்தீன் கிழிந்தால் யார் மாற்றுவது என்று சங்கத்தில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அடுத்த பருவத்தில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். நாம் இல்லாமல் அது ஓடுகிறதா? ஓடினால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு லேபலையும் செய்து கொடுங்கள், கேட்டவர்கள் அவர்கள்தானே.

அன்புக்குரியவர்களே, இதில் வேலைவாய்ப்பு எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டம் பெற்றும் வேலையில்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்; 2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளை உள்வாங்கும் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. நேர்முகப் பரீட்சையில் இன்று என்ன கேட்கிறார்கள்? குழுவில் கருத்து முரண்பாடு வந்தபோது என்ன செய்தீர்கள்? ஒரு திட்டம் பிழைத்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்? குறைந்த பணத்தில் ஒரு வேலையை எப்படி முடித்தீர்கள்? இவற்றுக்கு மனனம் செய்த விடை உதவாது. மிளகு வேலை செய்த பிள்ளைக்கு மனனம் தேவையில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். சுயவிபரக் கோவையில் "தலைமைத்துவப் பண்பு உண்டு" என்று எழுதுவது எல்லோராலும் முடியும். "எங்கள் குழு செய்து கொடுத்த உலர்த்தும் மேசை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, சங்கத் தலைவியிடம் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதுவது யாரால் முடியும்?

இது புதிய யோசனையும் இல்லை. 1906இலேயே ஹேர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில், படிப்பும் தொழிற்சாலை வேலையும் மாறி மாறி வரும் பாடநெறியைத் தொடங்கினார். 1967இல் பிரான்சின் எசெக் வணிகக் கல்லூரி மாணவர்கள் தாங்களே நடத்தும் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமைத்தார்கள். அந்த வழக்கம் ஐரோப்பா முழுக்கப் பரவி, பிரேசிலுக்குப் போனது. அங்கே 2016இல் மாணவர் நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் வேளாண் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

வெளியே ஏன் போக வேண்டும்? நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26. சுனாமி. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே காலையில் இழந்தோம். யார் காணாமற்போனார், யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த முகாமுக்கு என்ன தேவை என்று ஒரு பதிவேடு இல்லை. கொழும்பிலே இளம் மென்பொருள் பொறியியலாளர்களும் மாணவர்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். லங்கா மென்பொருள் மன்றம் அவர்களை ஒருங்கிணைத்தது. சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளைக் கட்டினார்கள். காணாமற்போனவர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, உதவிக் கோரிக்கைகளின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. யாரும் அவர்களுக்குப் புள்ளி போடவில்லை. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் விதமாக அதைத் திறந்த மென்பொருளாக வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது உதவியது. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அடுத்த ஆண்டு உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. கையளித்தல் என்றால் இதுதான்! செய்தவர்கள் இல்லாத இடத்திலும் வேலை நடந்தது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1958. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஏ. ரி. ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவ என்ற கிராமத்துக்குத் தம் மாணவர்களை அழைத்துப் போனார். அவர்களோடு தங்கினார்கள், அவர்களோடு உண்டார்கள், அவர்களோடு மண் வெட்டினார்கள். அந்த முகாமிலிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய இயக்கம். எனக்கு அந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி, மாணவர்கள் உதவி செய்தது அன்று. யாருடைய வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவைத்திருந்ததோ, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்களே, அதுதான். ஆலோசனை சொல்லப் போகிறவர் முதலில் உட்கார வேண்டும். நின்றபடி சொல்லும் ஆலோசனையை நம் மக்கள் இருநூறு வருடங்களாகக் கேட்டுவிட்டார்கள்.

இதில் ஆபத்துகளும் உண்டு. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வசதியுள்ள நிறுவனம், மாணவர் பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் இலவச வேலை வாங்கினால், அது சுரண்டல். நம் பெற்றோரின் உழைப்பைக் குறைத்து மதித்தவர்களை நாம் அறிவோம். பிள்ளைகளின் உழைப்புக்கும் அது நடக்க விடக்கூடாது. வருமானமுள்ள நிறுவனம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேலைக்கும் பணம் தரட்டும். வசதியில்லாத சங்கத்துக்கு இலவசமாகச் செய்வோம். மக்களின் அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம், நோய் விபரம் தேவையில்லாமல் கேட்கக் கூடாது. கேட்டதை வெளியே விடக் கூடாது. மின்கம்பி இழுப்பது, சுவர் எழுப்புவது போன்ற உயிரோடு விளையாடும் வேலையைத் தகுதி பெற்றவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாது. படம் எடுத்துப் போடுவதற்காக ஒரு வீட்டு வறுமையைக் காட்டவே கூடாது.

எல்கடுவையில் என்ன செய்யலாம்?  ஹுனஸ் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வெளிநாட்டவரும் உள்நாட்டவரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் செலவழிக்கும் பணத்தில் நம் வீடுகளுக்கு வருவது எவ்வளவு, அதைக் கூட்ட வழி என்ன என்று ஒரு குழு ஆராயலாம். தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாம். 1987இலிருந்தே தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் படிவத்தோடு பிரதேச செயலகத்து வாசலில் தடுமாறும் பெரியவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். எந்தத் தேவைக்கு எந்தப் படிவம், என்னென்ன ஆவணம், எந்த மேசை என்று தமிழில் ஒரு கையேடு செய்து, ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிரதி தொங்கவிட்டால் எத்தனை பேருக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்! வேலைக்குப் போகாத ஒரு நாளின் விலை என்னவென்று செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

உயர்தரப் பிள்ளைகளே, பரீட்சை இருக்கிறதே என்று தயங்காதீர்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்காதீர்கள், அவ்வளவுதான். முதல் வருடத்தில், ஒரு பாடசாலை விடுமுறையில் முடியக்கூடிய சிறிய வேலையாக எடுங்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கும் அண்ணன் அக்காமாரே, குழுவுக்கு ஒருவராக நீங்கள் வழிகாட்டுங்கள். வேலையை அவர்களிடமிருந்து பறித்து நீங்களே செய்துவிடாதீர்கள்.

வாசல் மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். நாலு பேராகச் சேர்ந்து உங்கள் பெயர்களை எழுதுங்கள். அதற்குக் கீழே, யாருக்காக வேலை செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். என்ன சிக்கல் என்பதை இன்றைக்கு எழுத வேண்டாம். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். இந்தக் கிழமைக்குள் அவர்கள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கேட்டு வந்து எழுதுங்கள். தாய்மாரே, பிள்ளைகள் கேட்க வரும்போது அவர்களுக்கு நேரம் கொடுங்கள். அவர்கள் திரும்பி வரவில்லை என்றால் அதிபரிடம் சொல்லுங்கள்.